வீட்டில் பொறுக்கத் தக்கவை

ஃபிக்ஹு நூல்களைத் திறந்தால் முதற்கண் நிற்பது தஹாரத் எனும் தூய்மைப் பாடம். தொழுகைக்கும் முன்னே அது வைக்கப்பட்டிருப்பதைக் காட்டி, நம் மார்க்கம் துப்புரவை எத்துணை உயர்த்திற்று என மேடைகளில் பேசுகிறோம். அதே பாடத்துள் இன்னொரு பகுதி இருப்பதை ஏனோ எடுத்துரைப்பதில்லை. தெருவில் நடப்பவன் ஆடையில் தெறிக்கும் சேறு, தெள்ளுப்பூச்சியின் சிறு இரத்தக் கறை போன்ற, தவிர்க்க இயலாதவற்றைப் ‘பொறுத்துக்கொள்ளப்பட்டவை’ எனச் சட்ட மேதைகள் தனியே பிரித்து வைத்தனர். அந்த விலக்கு இல்லையேல் கழுவிக்கொண்டே இருப்பவனுக்குத் தொழ நேரம் வாய்க்காது.

அபூகதாதா (ரலி) அவர்களுக்கு அவர்தம் மருமகள் ஒளுவுக்கு நீர் வைத்தார். பூனையொன்று குடிக்க வந்தது. அது எளிதாகக் குடிக்கும்படி அவர் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார். மருமகள் வியந்து நோக்கவே, பூனை அசுத்தமன்று, அது நம்மைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றதை எடுத்துரைத்தார். சொல்லப்பட்ட காரணத்தைக் கவனியுங்கள். ஓயாது வீட்டில் வளைய வருவதை அசுத்தமென விதித்தால் குடும்பம் நடத்தவே முடியாது. பூனைக்குக் கிடைத்த இச்சலுகை நம் வீட்டுக் குழந்தைகளுக்குக் கிடைக்கிறதா?

சோபாவில் பிள்ளை ஏறக்கூடாது. கண்ணாடி அலமாரியிலுள்ள பீங்கான் பெருநாளன்றும் கீழே இறங்காது. தரை கறைபடுமென்று, வெற்றிலை போடும் மூதாட்டியின் கட்டில் கூடத்திலிருந்து பின்கட்டுக்குப் போய்விடும். சொல்லாமல் வந்த விருந்தாளியைக் கண்டதும் முகமலர்ச்சிக்கு முன்னே பதற்றம் வரும். இத்தகைய குறையற்ற வீட்டுக்கு விலை கொடுப்பவள் பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்மணியே. “வீட்டைப் பளிங்காக வைத்திருக்கிறாள்” எனப் புகழும் ஆடவர் ஒரு குவளையையும் நகர்த்தியிருக்க மாட்டார். செருப்பைத் தாமே செப்பனிட்டு, வீட்டு வேலையில் கைகொடுத்த நபிகளாரின் உம்மத் நாம் என்பது இவ்விடத்தில் மட்டும் மறந்துவிடுகிறது!

ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் இதே நோயைக் குறித்து வருந்துகிறார்கள். முன்னோர் வெறுங்காலுடன் நடந்தனர், வெறுந்தரையில் தொழுதனர், அவர்தம் கவலையெல்லாம் உள்ளத்தின் அழுக்கைப் பற்றியது, பின்வந்தோரோ புறத்தை அலங்கரிப்பதையே தூய்மை எனக் கொண்டனர் என்பது அவர்கள் கருத்து.

அங்ஙனமாயின் வீடு எப்படியும் கிடக்கலாமோ எனில், இல்லை. பொறுக்கத் தகாதவையும் உண்டு. இரவில் பாத்திரங்களை மூடி வைக்கவும் விளக்கை அணைக்கவும் நமக்குக் கட்டளை உண்டு. மருந்துகள் சிறுவர் கைக்கு எட்டலாகாது. இவற்றினும் பெரிது அமானிதம். அண்டை வீட்டில் வாங்கிய தாம்பாளம் ஆறு மாதமாக நம் அடுக்களையில் கிடப்பது, கூடத்தில் பொம்மைகள் சிதறிக் கிடப்பதைக் காட்டிலும் பெரிய ஒழுங்கீனம். கடனை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் வசனமே (2:282) திருமறையின் மிக நீண்ட வசனம். ஆயினும் கண்ணாடிபோல் துடைத்த வீட்டில் குடும்பத் தலைவர் கண்மூடிய பின், நிலப்பத்திரம் எங்கே, யாருக்கு எவ்வளவு பாக்கி, பெட்டியிலுள்ள நகை யாருடையது என்று எவருக்கும் தெரியாமல் பிள்ளைகள் விழிப்பதைக் காண்கிறோம். கடன் கொடுத்தவன் வாசலில் நிற்கையில் அந்தப் பளபளப்பு அவனுக்கு என்ன விடை கூறும்? வாரத்தில் ஒருமுறை அலமாரியைத் துடைக்கும் நேரத்தில் பாதியை அந்தக் கணக்கேட்டுக்குத் தந்தால் போதும். எஞ்சிய தூசி அடுத்த வெள்ளி வரை காத்திருக்கட்டும்.

நபிகளாரின் இல்லத்திலும் ஒருநாள் தட்டு உடைந்தது. துணைவியருள் ஒருவர் அனுப்பிய உணவை, நாயகம் (ஸல்) அவர்கள் தங்கியிருந்த வீட்டுத் துணைவியார் ரோஷத்தால் தட்டிவிட்டார். அண்ணலார் உடைந்த துண்டுகளைத் தாமே ஒன்று சேர்த்தார்கள், சிந்திய உணவையும் திரட்டினார்கள். ரோஷம் வந்துவிட்டது என்றார்களேயன்றிக் கடிந்துரைக்கவில்லை. உணவு கொண்டுவந்த பணியாளை நிறுத்தி வைத்து, அவ்வீட்டிலிருந்த முழுத் தட்டை உரியவருக்குக் கொடுத்தனுப்பினார்கள். உடைந்த தட்டு உடைந்த வீட்டிலேயே இருந்தது.