அடி வாங்கும் பாலன்

மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1926-இல் தீட்டிய சர்ரியலிச ஓவியத்தில் கன்னி மரியாள் குழந்தை இயேசுவை மடியில் குப்புறக் கிடத்தி அடிக்கிறார். ஓங்கிய கை இன்னும் இறங்கவில்லை. பிள்ளையின் பிட்டம் அதற்குள் கன்றிச் சிவந்திருக்கிறது. தாயின் ஒளிவட்டம் தலைமேல் அசையாமல் நிற்க, மகனுடையது கழன்று தரையில் கிடக்கிறது. அந்த வட்டத்துக்குள்தான் ஓவியர் கையெழுத்திட்டிருக்கிறார். பின்னே ஒரு சிறு சாளரத்தில் மூன்று சாட்சிகள்: கவிஞர்கள் ஆந்த்ரே பிரெத்தோன், போல் எலுவார், உடன் எர்ன்ஸ்ட். ஓவியம் இன்று கொலோன் நகரின் லுட்விக் அருங்காட்சியகத்தில் உள்ளது.

புனித உருவங்களை இப்படிக் கையாளலாமா என்ற கேள்வி 2024 ஜூலையில் மீண்டும் எழுந்தது. ஆஸ்திரியாவின் லின்ஸ் பேராலயத்தில், மரியாள் பிள்ளை பெறும் கோலத்தைக் காட்டிய சிற்பத்தின் தலை அறுக்கப்பட்டது. அதை வைக்க இடம் தந்தது திருச்சபையே. அறுத்த கையைப் பாராட்டியவர்களும் உண்டு. குற்றம் அந்தக் கையினுடையது, கலைஞருடையது அல்ல.

இதற்குத் திருச்சபை மரபே சான்று. மக்கள் உருவங்களை வழிபடுகிறார்கள் என்று அவற்றை உடைத்த மார்சேய் ஆயர் செரேனுஸை, கி.பி. 600 வாக்கில் திருத்தந்தை பெரிய கிரகோரி கண்டித்தார். எழுத்தறியாதோர் சுவர்ச் சித்திரங்களில் படிக்கிறார்கள் என்பது அவர் வாதம். இயேசு முழுமையான மனிதர் என்று 451-இல் கல்செதோன் சங்கம் அறுதியிட்டது. அவர் பெற்றோருக்குப் பணிந்திருந்தார் என்கிறது லூக்கா நற்செய்தி. பிரம்பை விலக்காதே என்கிறது நீதிமொழிகள். திருச்சபை ஏற்காத தோமாவின் பால்யகால நற்செய்தியிலோ, சூசையப்பர் சிறுவன் இயேசுவின் காதைப் பிடித்து முறுக்குகிறார். கல்தூணில் கட்டுண்டு சாட்டையடி வாங்கும் கிறிஸ்துவைப் பல நூற்றாண்டுகளாகப் பீடங்களில் வரைந்த மரபு, தாயின் ஓர் அடிக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

ஓவியரின் வாழ்க்கையையும் பார்க்க வேண்டும். அவருடைய தந்தை பிலிப், காது கேளாதோர் பள்ளி ஆசிரியர், கண்டிப்பான கத்தோலிக்கர், ஓய்வு நேரங்களில் ஓவியம் தீட்டியவர். மகனையே குழந்தை இயேசுவாக வரைந்தவர் அவர். விழுந்த ஒளிவட்டத்தில் மாக்ஸின் பெயர் இருப்பது தற்செயல் அல்ல. அந்த மடியில் கிடப்பது, புனிதம் சுமத்தப்பட்ட ஒரு சிறுவனும்தான். பக்தியின் பெயரால் பிள்ளைகளை அடித்து வளர்த்த வீடுகள் இந்தப் படத்தின் முன் கோபப்படுவதைவிடக் கூச்சப்படுவதே தகும்.

உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அதன் மூலவரைச் சேரும் என்றது 787-இன் இரண்டாம் நீசேயா சங்கம். ஆகவே அவமதிப்பும் அவரையே சேரும் என வாதிடுவோரின் வேதனை மெய்யானது. அவர்கள் எதிர்த்து எழுதலாம், வழிபாட்டிடத்திலிருந்து அகற்றக் கோரலாம், பாராமலே போகலாம். கலைஞர் செய்ததை அழிக்கும் உரிமை மட்டும் அந்த வேதனைக்குக் கிடையாது.