அகராதிக்கு முன்னால்

நாவலில் தெரியாத சொல் வந்ததும் அகராதியைப் புரட்டுவதா, மேலே படிப்பதா? சொல்லின் பொருள் நமக்கு எப்படித் தெரியவருகிறது என்ற பழைய தத்துவ விவாதம் இதற்குள் இருக்கிறது. இந்தியத் தத்துவப் பிரிவான மீமாம்சையில் பிரபாகரர் மரபினர் பெரியவர்களின் பேச்சு வழக்கையே பிடித்துக்கொண்டார்கள். 'பசுவைக் கொண்டுவா' என்கிறார் பெரியவர். இளையவர் பசுவோடு வருகிறார். பிறகு 'பசுவைக் கட்டு', 'குதிரையைக் கொண்டுவா' என்கிறார். அருகிலிருக்கும் குழந்தை, எந்தச் சொல் மாறியபோது எது மாறியது என்று கவனித்தே ஒவ்வொன்றையும் பிரித்தறிகிறது. முழு வாக்கியம்தான் முதலில், தனிச்சொல் பிறகு. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' நாவலைப் படிக்கும் வெளியூர் வாசகரும் கரிசல் வட்டாரச் சொற்களை இப்படித்தான் அறிகிறார்.

குழந்தையின் எதிரே பசு நிற்கிறது, வாசகருக்கு எழுத்து மட்டும்தானே என்று கேட்கலாம். நேரில் பார்ப்பதும் உறுதி தராது. முயல் ஓடும்போது அந்நியர் உச்சரிக்கும் சொல் முயலைக் குறிக்கிறதா, அதன் உறுப்பையா என்பது பார்வையால் மட்டும் முடிவாகாது என்று அமெரிக்கத் தத்துவவாதி குவைன் 1960இல் வாதிட்டார். குழந்தை, வாசகர் இருவருக்குமே அடுத்தடுத்த பயன்பாடுதான் சோதனை. இப்படிச் செய்யும் ஊகம் தவறலாம் என்பது வலுவான மறுப்பு. அதை ஏற்கத்தான் வேண்டும். நியாயம் என்ற இன்னொரு இந்தியத் தத்துவ மரபும் பொருளறியும் வழிகளில் அகராதியைச் சேர்த்தது, கி.ரா.வே வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்தவர். ஆனால் அகராதி ஊகத்தைத் திருத்த வரட்டும், ஊகிக்கும் முன்பே வர வேண்டாம். ஒரு சொல்லைக் கோபத்தில் சொல்வார்களா, கொஞ்சும்போதா, யார் முன்னால் சொல்லக் கூசுவார்கள் என்பதெல்லாம் கதைமாந்தர் பேசும்போதுதான் தெரிகிறது.