எண்ணும் செய்கையும்



2025ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள், நார்வே நாட்டின் ஸ்டாவாங்கர் நகரில் நடந்த சதுரங்கப் போட்டியில், சென்னை இளைஞர் குகேஷ் மாக்னஸ் கார்ல்சனை வென்றார். குகேஷுக்கு அப்போது வயது 19. உலகப் பட்டம் அவரிடம் இருந்தது; எனினும் தர எண்ணில் கார்ல்சனே முதல்வர். அவர் எண் 2800க்கு மேல். குகேஷின் எண் அதற்குக் கீழ். அப்போட்டியின் முதற்சுற்றில் இவ்விருவரும் மோதியபோது வென்றவரும் கார்ல்சனே.

இம்முறையும் ஆட்டம் நெடுநேரம் கார்ல்சன் பக்கமே சாய்ந்திருந்தது. குகேஷ் தளராது தற்காத்து நின்றார். கடிகாரத்தில் நேரம் அருகியது. கார்ல்சன் தம் குதிரையைப் பிழையாக நகர்த்தினார், வெற்றி கைமாறியது. மேசையை ஓங்கிக் குத்திய அவர், பின்னர்த் தம்மை மீட்டுக்கொண்டு கைகுலுக்கினார். வென்றவரோ அதனைத் தம் நற்பேறு என்றே அடக்கமாகக் கூறினார்.

அன்பர்களே, அந்த எண் பிறப்பால் வந்ததன்று. ஆடிய ஆட்டங்களால் வந்தது. வென்றால் ஏறும், தோற்றால் இறங்கும். தாழ்ந்த எண்ணுடையோன் உயர்ந்தோனை வென்றால் இன்னும் மிகுதியாக ஏறும். பலகையின் முன் அமர்ந்தால் இருவருக்கும் காய்கள் 16 தான்.

நமக்குப் பிறர் இட்ட எண் அத்தகையதோ? தாய் வயிற்றிலேயே எழுதப்பட்டது, எச்செயலாலும் மாறாதது என்றனர். ஆட அமரவும் விட்டாரில்லை. பொன்முடி மலையடியில் வித்துராவில் கூடும் நாம், இதே திருவனந்தபுரம் மாவட்டத்து அய்யன்காளியை நினைத்தல் தகும். 1893இல் பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டுவதற்கே அவர் பேரெதிர்ப்பைக் கடக்க வேண்டியிருந்தது.

உயர்வும் தாழ்வும் செய்கையைப் பொறுத்தனவே என்று பகவான் சாவத்தியில் அக்கிக பாரத்துவாசருக்கு விளக்கினார். அந்நெறியையே 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் ஏற்றார், நாமும் ஏற்றோம்.

ஏற்ற பின்னும் மணப்பேச்சு வந்தால் உட்பிரிவு கேட்போர் நம்மிடையே இல்லையா? திரிசரணம் சொன்ன வாயால் அதைக் கேட்பவர், பழைய எண்ணை எறியவில்லை. பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார். தமக்குக் கீழே ஒருவனைத் தேடுபவர், தமக்கு மேலே ஒருவனையும் ஒப்புக்கொள்கிறார்.

இன்னொன்றும் காண்மின். முதல்வரையும் வீழ்த்தியது ஒரு கணத் தவறே. விழிப்பாயிருங்கள் என்பதே பகவானின் இறுதி அறிவுரை. வீழ்ந்த கார்ல்சனும் சோர்ந்துவிடவில்லை; அப்போட்டியின் முடிவில் முதலிடம் அவருக்கே கிட்டியது. ஆகவே தோல்வியும் நிலையன்று, வெற்றியும் நிலையன்று. அடுத்த செய்கையே நம் கையில் உள்ளது.

அதனை நேர்மையாகச் செய்வோமாக. இனி மணப்பேச்சில் பண்பைக் கேட்போம், உட்பிரிவைக் கேளோம்.

நமோ புத்தாய!