அண்ணன் கடனைத் தம்பி பற்றில் எழுதலாமா?

கடைவீதியில் ஒரு வழக்கம் உண்டு. முன்பின் அறியாத ஒருவர் வந்து சரக்கைக் கடனாகக் கேட்டால், நம் வணிகர் முதலில் அவர் முகத்தைப் பார்ப்பார். பிறகு, "எந்த ஊர்? யார் மகன்?" என்று கேட்பார். அந்த ஊர்க்காரர்கள் முன்னர் எப்படிக் கொடுத்துத் தீர்த்தார்கள், தகப்பனார் பெயர் பேரேட்டில் எந்த நிலையில் நின்றது என்பதெல்லாம் அவர் மனத்திற்குள் ஒரு நொடியில் ஓடி முடியும். அதன் பின்னரே "ஆகட்டும்" என்றோ, "இப்போது சரக்கு இல்லை" என்றோ சொல் பிறக்கும். இதை நாம் குறை கூற வரவில்லை. கையில் இருப்பது அவர் சொந்த முதல். கணிப்புத் தவறினால் நட்டமும் அவருக்கே. ஆனால், இதே வழக்கத்தை ஓர் அரசாங்கம் கையில் எடுத்து, ஒரு நாட்டுப் பிள்ளைகள்மீது ஒரே நாளில் செலுத்தினால் என்ன ஆகும்? இது கற்பனைக் கேள்வியன்று. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தில் நடந்த செய்தி.

கரும்பலகையின் முன் நின்றே வாழ்நாளைக் கழித்தவர் நாம். ஆதலால் சங்கத்திற்கு வரும் அன்பர்கள், "இந்தச் செயற்கை அறிவு பிள்ளைகளின் படிப்பை என்ன செய்யப் போகிறது?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். அவர்கள் கவலை பெரும்பாலும் ஒன்றுதான்: பையன் வீட்டுப்பாடத்தைச் சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கிவிடுகிறான் என்பது. அக்கவலை மெய்யானதே. ஆனால், அடுத்தவன் ஏட்டைப் பார்த்து எழுதும் பிள்ளை எந்தக் காலத்தில் இல்லை? பிள்ளை தன் ஆசிரியரை ஏமாற்ற இயந்திரத்தை நாடுவதைக் காட்டிலும், பெரியவர்கள் பிள்ளையை எடைபோட இயந்திரத்தை நாடுவதே நாம் அஞ்சத் தக்கது என்பது நம் எண்ணம். இங்கிலாந்துச் செய்தியை ஈண்டு எடுத்துக்கொண்டது அதனால்தான். அந்நாட்டுத் தேர்வு நமக்கு அந்நியமுமன்று. கேம்பிரிட்ஜ் முத்திரை பதித்த சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய வீடுகள் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் எத்தனை எத்தனை!

அவ்வாண்டு கோவிட் நோய்த் தொற்றினால் மார்ச்சு மாதத்தில் பள்ளிகள் மூடப்பட்டன. பொதுத் தேர்வுகள் கைவிடப்பட்டன. பல்கலைக்கழகம் புக வேண்டிய ஏ-லெவல் மாணவர்களுக்கு எழுதாத தேர்வுக்கு எப்படித் தரம் இடுவது? ஆசிரியர்களிடம் இரண்டு கேட்டார்கள். ஒவ்வொரு மாணவனும் தேர்வு எழுதியிருந்தால் எந்தத் தரம் பெற்றிருப்பான் என்பது ஒன்று; வகுப்பில் முதல்வன் யார், அடுத்தவன் யார் என்ற வரிசை மற்றொன்று. இவை ஆஃப்குவால் என்னும் தேர்வு மேற்பார்வை அலுவலகத்தின் கணக்குமுறைக்குள் சென்றன. அம்முறை செய்தது இதுதான்: அந்தப் பள்ளி 2017 முதல் 2019 வரை அந்தப் பாடத்தில் எத்தகைய தரங்களைப் பெற்றிருந்தது என்று பார்த்தது; இவ்வாண்டு மாணவர்களின் முந்திய தேர்ச்சியைக் கொண்டு அதைச் சிறிது திருத்தியது; அப்படிக் கிடைத்த தரங்களை ஆசிரியர் தந்த வரிசைப்படி மேலிருந்து கீழாகப் பங்கிட்டது. பெரிய வகுப்பாயின், ஆசிரியர் இட்ட தரத்திற்கு அங்கே வேலையே இல்லை. அவர் தந்த வரிசை மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது.

இதன் பொருளை வணிகப் பெருமக்கள் உடனே கண்டுகொள்வார்கள். ஒரு பள்ளியில் மூன்று ஆண்டுகளாக எவரும் கணிதத்தில் மிக உயர்ந்த தரம் எட்டவில்லை என்றால், நான்காம் ஆண்டில் அங்கே ஓர் அரிய பிள்ளை வந்து சேர்ந்தாலும், அவனுக்குக் கொடுக்கப் பெட்டியில் அந்தத் தரம் இராது. முன்னே படித்துப் போனவர்களின் பற்று இவன் பெயரில் ஏறிவிட்டது!

ஆகஸ்டு 13-ஆம் நாள் முடிவுகள் வெளிவந்தன. ஆசிரியர்கள் இட்ட தரங்களில் 100-க்கு 39 குறைக்கப்பட்டிருந்தன. மிகச் சிறிய வகுப்புகளுக்குப் பழைய புள்ளிகளை நம்ப முடியாதென்று ஆசிரியர் சொன்னதையே ஏற்றுக்கொண்டார்கள். சிறிய வகுப்புகளோ பெரும்பாலும் பணம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளிகளில் இருப்பவை. விளைவு என்ன? ஏ, ஏ-ஸ்டார் தரங்கள் தனியார் பள்ளிகளில் முந்திய ஆண்டைவிட 4.7 விழுக்காட்டுப் புள்ளி ஏறின. அரசாங்கப் பொதுப் பள்ளிகளில் ஏறியது 2 மட்டுமே. ஸ்காட்லாந்திலும் அம்மாதத் தொடக்கத்தில் இதே கதைதான். ஆசிரியர் மதிப்பீட்டிலிருந்து தேர்ச்சி விகிதம் மிக வசதியான வட்டாரங்களில் 6.9 புள்ளி குறைக்கப்பட்டபோது, மிக வறிய வட்டாரங்களில் 15.2 புள்ளி குறைக்கப்பட்டது. ஏழையைத் தாழ்த்துக என்று எவரும் அந்த முறைக்குள் எழுதி வைக்கவில்லை. சென்ற ஆண்டுகளைப் போலவே இருக்கட்டும் என்று மட்டும் எழுதினார்கள். சென்ற ஆண்டுகளில் ஏழைக்கு என்ன கிடைத்ததோ, அதுவே திரும்பக் கிடைத்தது.

பிள்ளைகள் லண்டன் வீதிக்கு வந்தார்கள். அந்தக் கணக்குமுறையைச் சபித்து அவர்கள் எழுப்பிய முழக்கத்தை இந்த ஏட்டில் அச்சிட இயலாது. நான்கே நாளில், 17-ஆம் தேதி, அரசாங்கம் பின்வாங்கியது; ஆசிரியர் இட்ட தரமே செல்லும் என்றது. சில நாள் கழித்து, ஒரு பள்ளிக்குச் சென்ற பிரதமர் போரிஸ் ஜான்சன், உருத்திரிந்த கணக்குமுறையால் வந்த கோளாறு என்ற கருத்தில் பேசினார். இங்கேதான் அரசியல் நுழைகிறது. தரங்கள் முந்திய ஆண்டுகளை ஒட்டியே அமைய வேண்டும் என்று மார்ச்சு மாதத்திலேயே ஆணையிட்டவர் கல்வி அமைச்சர். கணக்குமுறை உருத்திரியவில்லை; இட்ட வேலையை எழுத்துப் பிசகாமல் செய்தது. கணக்குப்பிள்ளையிடம், "இந்த ஆண்டு இலாபம் சென்ற ஆண்டைப் போலத்தான் காட்ட வேண்டும்" என்று சொல்லிவிட்டு, ஐந்தொகை பொய்யாய்ப் போயிற்றென்று கணக்குப்பிள்ளையைத் திட்டும் முதலாளியை நாம் என்னவென்று சொல்வோம்? அலுவலகத் தலைவர் பதவி விலகினார். அமைச்சர் மறு ஆண்டு செப்டம்பர் வரை இருந்தார்.

அல்காரிதம் என்னும் இந்தப் பெயர் வந்த வழியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மி என்னும் கணித மேதையின் பெயர் லத்தீன் நாவில் உருமாறியதே அது. அவருடைய அல்ஜபுரா நூலின் பெரும் பகுதி வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்கு. மகனுக்கு எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு, கடன் போக மிச்சம் எவ்வளவு என்று அவரவர் பங்கை அவரவரிடம் சேர்ப்பிப்பதற்காகவும், கொடுக்கல் வாங்கலுக்காகவும் பிறந்த கலை. கூட்டத்தில் எவரும் மறுமுறை போட்டுப் பார்த்துச் சரியா தவறா என்று சொல்லக்கூடிய கணக்கு.

நிற்க. இங்கிலாந்து ஆசிரியர்கள் இட்ட தரம் மட்டும் துலாக்கோல் போல நின்றதா? இல்லை. அதையும் சொன்னால்தான் நியாயம். 2019-இல் ஏ, ஏ-ஸ்டார் பெற்றவை 100-க்கு ஏறத்தாழ 25. பின்வாங்கிய பின் 2020-இல் அது ஏறத்தாழ 38 ஆயிற்று. ஒரே ஆண்டில் பிள்ளைகள் அவ்வளவு கெட்டிக்காரர்களாகிவிடவில்லை. ஆசிரியர் மனம் இளகிற்று. இளகுவது மட்டுமன்று, ஆசிரியர் மனம் கோணவும் செய்யும். இதைப் பிறர்மேல் வைத்துச் சொல்ல நமக்குத் தகுதியில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவன் தமையனும் நம்மிடம் படித்தவனே. தமையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை. பாதியில் நின்று தகப்பனார் கடைக்குப் போய்விட்டான். ஆண்டிறுதித் தேர்வன்று தம்பி கடும் காய்ச்சலில் கிடந்தான். "நீங்களே மதிப்பிட்டு ஓர் எண் எழுதிவிடுங்கள்" என்றார்கள். பேனாவை எடுத்தோம். பையன் அதிகம் பேசாதவன். கடைசி வரிசையில் இருப்பவன். அவன் எழுதிய பயிற்சி ஏடு மேசையறைக்குள்ளேயே இருந்தது. திறந்து பார்க்கவில்லை. நம் கை ஏறக்குறைய அவன் தமையனுக்கு இடும் எண்ணை எழுதிற்று. அந்த எண் அவனைக் கீழ் வகுப்புக்கு அனுப்பிற்று. மறு ஆண்டு, அவனுக்கு மொழிப்பாடம் எடுத்த நண்பர் ஒருவர் ஒரு கட்டுரையைக் கொண்டுவந்து, "இந்தப் பிள்ளையை யார் இங்கே அனுப்பியது?" என்று கேட்டார். படித்துப் பார்த்தோம். பதில் சொல்லவில்லை.

ஆகவே, இயந்திரம் கொடியது, மனிதன் நல்லவன் என்று நாம் வாதாட மாட்டோம். அன்று நாம் செய்ததும் இங்கிலாந்தின் கணக்குமுறை செய்ததும் ஒரே பிழை: எதிரே இருந்த பிள்ளையை விட்டு, அவனுக்கு முன் போனவர்களைப் பார்த்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம்மை ஒருவர் நேரே வந்து கேட்டார். நமக்கு வெட்கம் வந்தது. இயந்திரத்திடம் யார் போய்க் கேட்பது? கடைக்காரர் கடன் மறுத்தால் அடுத்த கடை இருக்கிறது. ஆறு மாதம் ரொக்கத்திற்கு வாங்கி நாணயத்தைக் காட்டினால் பேரேட்டில் புதுப் பக்கம் திறக்கும். பள்ளி முடிக்கும் பிள்ளைக்கு எதிரே உள்ள கடை ஒன்றுதான். அதுவும் அந்த ஆகஸ்டில் ஒரு நாள்தான் திறக்கிறது.

அன்றைய முறை இன்றைய பேசும் இயந்திரங்களோடு ஒப்பிட எளிய கணக்கு. இன்றையவையும் பழைய குவியலில் இருந்து கற்பவையே. ஆனால் அவற்றின் உள்ளே நடப்பதைச் செய்தவர்களாலும் முழுதும் விளக்க இயலவில்லை. இவை பள்ளிக்குள் வந்துவிட்டன. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 2024-இல் மாணவர் எழுதிய விடைகளுக்குக் கணினியே முதலில் மதிப்பெண் இட்டது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை மனிதர் மறுமுறை பார்த்தார்கள். முந்திய ஆண்டு சுமார் 6,000 பேர் திருத்திய இடத்தில் 2,000 பேர்கூடத் தேவைப்படவில்லை. ஆண்டுக்கு 15 முதல் 20 மில்லியன் டாலர் மிச்சம் என்றார்கள். ஆள்கூலி மிச்சம் என்றால் அதன் இனிப்பு வணிகருக்குத் தெரியாததன்று. அரசாங்கங்களுக்கும் அது இனிக்கத்தான் செய்யும். இருந்தாலும், ஒரு வகையில் இது இங்கிலாந்து முறையைவிட மேலானதென்றே சொல்வோம்: இயந்திரம் பார்த்தாலும் பிள்ளையின் எழுத்தையே பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய சட்டமோ, கல்வியில் சேர்க்கைக்கும் மதிப்பீட்டுக்கும் உதவும் செயற்கை அறிவை மிகுந்த ஆபத்துக்குரிய வகையில் வைத்தது.

நம் நாடுகளில் அவ்வாண்டு என்ன செய்தார்கள்? சிங்கப்பூரில் ஆண்டிறுதியில் தேர்வை நடத்தியே விட்டார்கள். மலேசியாவில் 2020-ஆம் ஆண்டின் எஸ்.பி.எம். தேர்வு 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப்போயிற்று, பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள், பெற்றோர் அலுத்துக்கொண்டார்கள், நாமும் அலுத்துக்கொண்டவர்தாம். ஆயினும் ஒவ்வொரு பிள்ளையும் முகக்கவசத்தோடு உட்கார்ந்து தன் கையால் எழுதினான். மதரஸாவில் உஸ்தாத் பிள்ளைகளை ஒவ்வொருவராய் முன்னே அழைத்து ஓதச் சொல்லிக் கேட்பார் அல்லவா? மாலை மங்கிவிடும், கடைசிப் பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிடும். அப்போதும் காக்கா நன்றாய் ஓதினான் என்பதற்காகத் தம்பியைக் கேளாமல் அடுத்த பாடத்திற்கு அனுப்பமாட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன், ஊருக்குப் புறப்படும்போது ரூபாய் மாற்ற ஒரு நாணயமாற்றுக் கடைக்குப் போயிருந்தோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் எழுந்து நின்று, "சார், என்னைத் தெரியுதா?" என்றார். தெரிந்தது. "காக்கா சுகமா இருக்காங்க சார், உங்களை அடிக்கடி விசாரிப்பாங்க" என்றார். அந்த எண்ணைப் பற்றி அவருக்குத் தெரியுமா என்பதை நாம் கேட்கவில்லை. சொல்லவும் நா எழவில்லை. நோட்டுகளை இரண்டு முறை எண்ணி நம் பக்கம் தள்ளி, வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வதுபோலவே, "எண்ணிப் பாத்துக்கங்க சார்" என்றார். எண்ணினோம்.