இன்னொருவர் போட்ட கோடு

இங்கிலாந்தில் ஜாகுவார் டி-டைப் பந்தயக் காரின் பிரதியைத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதை வழிபாடு என்றே என் மனம் எடுத்துக்கொள்கிறது. 1955, 1956, 1957 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லெ மான்ஸ் பந்தயத்தில் வென்ற கார் அது. அதன் வடிவத்தை மால்கம் சேயர் அன்றே முடித்துவிட்டார். விமானத் தொழிலிலிருந்து வந்தவர் அவர். காற்று வழுக்கிப் போகும் விதத்தை மடக்கை அட்டவணை கொண்டு கணக்கிட்டு ஒவ்வொரு வளைவையும் வரைந்தார். கட்டுகிறவருக்கு மிச்சமிருப்பது, தன் விருப்பத்தை ஒதுக்கிவிட்டு அந்தக் கோட்டின் வழியே போவது மட்டும்தான். வேலை தெரிந்த கைக்கு இது மிகக் கடினம். இங்கே சற்று உயர்த்தினால் இன்னும் அழகாயிருக்குமே என்று அது கெஞ்சிக்கொண்டே இருக்கும்.

கண்ணாடியிழை உடலை வாங்கிப் பொருத்துவோரும் உண்டு. என்னை ஈர்ப்பவர்கள் அலுமினியத் தகட்டை மணல் நிரப்பிய தோல்பையின் மேல் வைத்து, கொட்டாப்புளியால் தட்டித் தட்டி வளைப்பவர்கள். தட்டத் தட்டத் தகடு இறுகும். அதற்கு மேலும் வற்புறுத்தினால் வெடிக்கும். அப்போது அதைச் சூடாக்கி இளக்க வேண்டும். ஆனால் அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது. சுமார் 660 டிகிரியில் நிறம் மாறாமலே உருகிவிடும். அதனால் தகட்டின் மேல் சோப்பைத் தேய்த்துவிட்டுத் தீயைக் காட்டுகிறார்கள். சோப்பு பழுப்பேறிக் கறுக்கும் கணத்தில் தீயை விலக்க வேண்டும். அந்தக் கணத்துக்காகக் காத்திருப்பவருக்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. பிறகு கண்ணை மூடி உள்ளங்கையால் தகட்டைத் தடவிப் பார்க்கிறார். கண் தவறவிட்ட மேட்டைக் கை சொல்லிவிடும். மனம் ஒருமைப்படுவதை இதைவிடத் தெளிவாக எனக்கு எதுவும் காட்டியதில்லை.

1956இல் வென்ற அதே கார் 2016இல் ஏலத்தில் 2 கோடியே 17 லட்சம் டாலருக்கு மேல் போனது. அவ்வளவு மதிப்புள்ளதை மழையிலும் சேற்றிலும் யார் ஓட்டுவார்? மூலவர் கருவறையை விட்டு நகர்வதில்லை. வீதிக்கு எழுந்தருள்பவர் உற்சவர். அவரை நகல் என்று யாரும் குறைத்துப் பேசுவதில்லை. இந்தப் பிரதிகளுக்குள்ளும் பழைய உயிர் ஓடத்தான் செய்கிறது. டி-டைப்பின் ஆறு சிலிண்டர் எக்ஸ்கே எஞ்சின் குடும்பம் 1992 வரை உற்பத்தியில் இருந்ததால், துருப்பிடித்த ஒரு ஜாகுவார் செடானிலிருந்து அதே குலத்து எஞ்சினை எடுத்துப் பொருத்த முடிகிறது.

வடிவத்தை ஏற்பவர் அதன் துயரத்தையும் ஏற்கிறார். 1955 பந்தயத்தில் வேறொரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். டி-டைப்பின் முதல் லெ மான்ஸ் வெற்றி அந்தப் பந்தயத்தில்தான் வந்தது. அக்கால ஓட்டுநர்கள் பெரும்பாலும் சீட் பெல்ட் கட்டியதில்லை. இன்று வீட்டில் கட்டிய கார் சாலைக்கு வர வேண்டுமானால் பிரேக், ஸ்டீயரிங், பெல்ட், கூரிய விளிம்புகள் எல்லாம் அரசுச் சோதனையில் தேற வேண்டும். ஆகவே பெல்ட்டுக்கான கொக்கிகளைச் சட்டத்தில் பற்றவைக்கும்போது, அத்தனை காலம் பணிந்து நடந்த கோட்டைக் கட்டுகிறவர் மீறுகிறார். சேயர் வரையாத கொக்கிகள் அவை. அந்த மீறலையும் நான் பக்தியின் கணக்கிலேயே வைக்கிறேன்.