வீட்டுப் பூனையும் வீட்டார் பொறுப்பும்

நகரங்களில் இன்று நம் குடும்பங்கள் பல அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றன. முற்றம் இல்லை, கொல்லைப்புறம் இல்லை. வாசற்கதவைத் திறந்தால் மாடிப்படிதான். ஆனால் எலிக்கும் கரப்பான் பூச்சிக்கும் மூன்றாவது மாடி என்ன, நான்காவது மாடி என்ன? கழிவுநீர்க் குழாய் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் அவை வந்துவிடுகின்றன. இந்தத் தொல்லை தாளாமல் சிலர் ஒரு பூனையைக் கொண்டுவந்து வளர்க்கிறார்கள். பூனையும் தன் வேலையைச் செய்கிறது, வீட்டாரும் மகிழ்கிறார்கள்.

இதில் மார்க்கம் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நிறைய இருக்கிறது. பூனை தான் பிடித்த எலியை உடனே கொல்லாமல் விட்டுப் பிடித்து வதைக்கிறதே, அந்தப் பாவம் யாரைச் சேரும்? நன்றாக எலி பிடிக்கட்டும் என்று பூனைக்குச் சோற்றைக் குறைப்பது சரியா? எலியெல்லாம் ஒழிந்த பிறகு அந்தப் பூனையை என்ன செய்வது? இவற்றைச் சிறிய விஷயங்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு பூனையின் காரணமாக நரகம் சென்ற பெண்ணைப் பற்றி எச்சரித்த மார்க்கம் நம்முடையது.

முதலில், பூனை வளர்ப்பதற்குத் தடை ஏதும் இல்லை. நபித்தோழர் அபூகதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்வதற்காக அவர்களுடைய மருமகள் கப்ஷா தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். ஒரு பூனை வந்து அதில் வாய் வைத்தது. அபூகதாதா (ரலி) அவர்கள் அதை விரட்டவில்லை. அது வசதியாகக் குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியப்போடு பார்ப்பதைக் கண்டு, பூனை அசுத்தமானதல்ல என்றும், அது உங்களிடையே சுற்றித் திரியும் பிராணிகளில் ஒன்று என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை எடுத்துச் சொன்னார்கள். முவத்தாவிலும் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இந்தச் செய்தி இடம்பெற்றுள்ளது. அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு அந்தப் பெயர் வந்ததே அவர்கள் வைத்திருந்த ஒரு சிறு பூனையால்தான். (பெருமானார் அவர்கள் உறங்கும் பூனையை எழுப்ப மனமின்றித் தம் சட்டைக் கையை வெட்டினார்கள் என்று ஒரு கதை மக்களிடையே உலவுகிறது. நம்பத்தகுந்த ஹதீஸ் நூல்களில் அது இல்லை. உண்மையான செய்திகளே நமக்குப் போதும்.)

அடுத்து, தீங்கு செய்யும் பிராணிகளை ஒழிப்பதும் தடுக்கப்பட்டதல்ல. இஹ்ராம் கட்டியவர்கூடக் கொல்லலாம் என்று அனுமதிக்கப்பட்ட ஐந்தில் எலியும் ஒன்று. எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டையே கொளுத்திவிடக்கூடும், ஆகவே உறங்குமுன் விளக்கை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் புகாரியில் ஹதீஸ் உள்ளது. இன்று திரி விளக்கு அரிது. ஆனால் மின்கம்பியைக் கடித்துத் தீவிபத்து உண்டாக்கும் எலி இருக்கிறது. அதன் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவுகிறது. கரப்பான் பூச்சியின் கழிவும் உதிர்ந்த தோலும் குழந்தைகளின் ஆஸ்துமாவைத் தூண்டுகின்றன. ஆகவே இவற்றைப் பிடிக்கப் பூனை வைத்துக்கொள்வது குற்றமாகாது.

ஆனால் கொல்வதற்கு அனுமதி உண்டு என்பதால் வதைப்பதற்கும் அனுமதி உண்டு என்று ஆகிவிடாது. ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில், எல்லாவற்றிலும் நல்ல முறையைக் கையாளும்படி அல்லாஹ் விதித்திருப்பதாகவும், அறுக்கும்போது கத்தியைக் கூராக்கி அந்தப் பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்றும் வந்துள்ளது. உயிருள்ள எதையும் குறிபார்த்து எறியும் இலக்காக ஆக்கக் கூடாது என்றும் தடை உள்ளது. பல்லியைப் பற்றிய ஹதீஸிலும், முதல் அடியிலேயே கொன்றவருக்கு இரண்டாவது அடியில் கொன்றவரைவிட அதிக நன்மை என்று வருகிறது. ஒழிக்க வேண்டியதை ஒழிக்கும்போதும் விரைவாக முடிப்பதே சிறந்தது என்ற பாடத்தை நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் பூனை எலியை வைத்து விளையாடுவது? பூனைக்கு ஷரீஅத் சட்டம் கிடையாது. நன்மை தீமை எழுதும் ஏடு அதற்கு இல்லை. அல்லாஹ் அதை எந்த இயல்பில் படைத்தானோ அந்த இயல்பில் அது நடக்கிறது. எதிர்த்துக் கடிக்கக்கூடிய இரையைக் களைப்படையச் செய்த பிறகு கடிப்பது அதற்குப் பாதுகாப்பு என்று உயிரியல் அறிஞர்கள் விளக்குகிறார்கள். எனவே பூனையை அடிப்பதோ திட்டுவதோ அர்த்தமற்றது.

ஆனால் பக்கத்தில் நிற்கும் மனிதனுக்கு ஏடு உண்டு. குற்றுயிராய்த் துடிக்கும் எலியைச் சுற்றி நின்று சிரிப்பதும், பிள்ளைகளைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டுவதும், கைபேசியில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவதும் பூனையின் இயல்பு அல்லவே. அது நம் உள்ளத்தின் நிலை. முடிந்தால் அந்தப் பிராணியைப் பூனையிடமிருந்து எடுத்து ஒரே அடியில் அதன் வேதனையை முடித்துவிட வேண்டும். முடியாவிட்டால் வேடிக்கை பார்க்காமலாவது இருக்க வேண்டும். இரக்கத்தைப் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பூனையைக் கட்டிப்போட்டுச் சாகவிட்ட பெண்ணின் ஹதீஸை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஆனால் அதன் பிற்பகுதியை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை, பூமியில் உள்ள பூச்சி புழுக்களைத் தின்னும்படி அதை விடவும் இல்லை என்று அதில் வருகிறது. அதாவது அவளுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. உணவளித்திருக்கலாம், அல்லது தன் இரையைத் தானே தேடிக்கொள்ள விட்டிருக்கலாம். இரண்டில் ஒன்றைச் செய்திருந்தாலும் அவள் தப்பியிருப்பாள்.

இதை நம் அடுக்குமாடி வீட்டில் வைத்துச் சிந்தித்துப் பாருங்கள். கிராமத்து ஓட்டு வீட்டில் பூனை வரும், போகும். வைக்கோற்போரும் தோட்டமும் நெற்குதிரும் அதன் வேட்டைக்காடு. வீட்டார் ஒரு வேளை பால் வைக்க மறந்தாலும் அது பட்டினி கிடக்காது. மாடி வீட்டுப் பூனையின் நிலை வேறு. கதவு பூட்டியிருக்கிறது, ஜன்னலில் வலை அடித்திருக்கிறது. நாம் அதன் கழுத்தில் கயிறு கட்டவில்லைதான். ஆனால் பூட்டிய கதவும் ஒரு கயிறுதான். ஹதீஸ் காட்டிய இரண்டாவது வழியை நம் வீட்டின் அமைப்பே அடைத்துவிட்டது. எஞ்சியிருப்பது முதல் வழி ஒன்றே. வயிறார உணவளிக்க வேண்டும். அடுப்படியில் அகப்படும் நாலு கரப்பான் பூச்சியை ஓர் உயிரின் ஜீவனம் என்று கணக்கிட முடியாது.

நம் முன்னோரான சட்ட அறிஞர்கள் இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்திருந்தார்கள். மாலிகீ மத்ஹபின் நூல்களில் ஒரு சட்டம் காணப்படுகிறது. கண் தெரியாத பூனை ஒருவர் வீட்டில் வந்து ஒண்டிக்கொண்டு, வேறிடம் போகச் சக்தியற்றதாகிவிட்டால், அதற்கு உணவளிப்பது அவர்மீது கடமை. போகச் சக்தியிருந்தால் கடமையில்லை. கடமை எதைப் பொறுத்து வருகிறது என்று பாருங்கள். பூனை எத்தனை எலி பிடித்தது என்பதைப் பொறுத்து அல்ல. அதனால் வெளியே போக முடியுமா, முடியாதா என்பதைப் பொறுத்து!

"சோறு போட்டால் பூனை சோம்பிவிடும், பசித்தால்தான் எலி பிடிக்கும்" என்று சில வீடுகளில் சொல்வார்கள். பசி வேட்டையைக் கூட்டும் என்பது மெய்தான். ஆனால் பசி இல்லாவிட்டால் வேட்டையே இல்லை என்பது பொய். 1976-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், விருப்பமான உணவைத் தின்றுகொண்டிருந்த பூனைகள் எலியைக் கண்டதும் உணவை விட்டுச் சென்று அதைக் கொன்றன. பிறகு திரும்பி வந்து உணவைத் தொடர்ந்தன. வேட்டையாடும் இயல்பை வைத்தவன் அல்லாஹ். அதை உண்டாக்க நாம் பட்டினி போட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பூனை வந்துவிட்டதால் வீடு சுத்தமாகிவிடாது. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் புரூக்ளின் பகுதியிலுள்ள ஒரு கழிவுப்பொருள் கிடங்கில் 79 நாட்கள் கேமரா வைத்துக் கண்காணித்து, அதன் முடிவை 2018-இல் வெளியிட்டார்கள். எலிகள் நிறைந்திருந்த அந்த இடத்தில் அத்தனை நாளிலும் பூனைகள் கொன்றதாகப் பதிவானவை இரண்டே எலிகள்! பெரிய எலிகளை எதிர்ப்பதைவிட ஒதுங்கிப் போவதே அவற்றுக்கு எளிதாக இருந்தது. அங்கே எலி பெருகியதற்குக் காரணம் குப்பை. நம் வீட்டிலும் அப்படித்தான். இரவில் எச்சில் தட்டைக் கழுவாமல் போட்டுவிட்டு, குப்பைக் கூடையைத் திறந்து வைத்துவிட்டு, குழாய் இடுக்கை அடைக்காமல் விட்டுவிட்டுப் பூனையைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. சுத்தம் நம்மீது விதிக்கப்பட்ட கடமை. அதைப் பூனையின் தலையில் கட்ட முடியாது.

பூனை வளர்க்கும் இல்லத்தரசிகள் சில சட்டங்களையும் தெரிந்துகொள்வது நல்லது. பூனை வாய் வைத்த தண்ணீர் ஷாபிஈ மத்ஹபில் சுத்தமானது. ஹனபி மத்ஹபில் வேறு தண்ணீர் இருக்கும்போது அதைப் பயன்படுத்துவது மக்ரூஹ். ஆனால் எலியைத் தின்ற உடனே, வாயில் இரத்தத்தோடு வந்து குடத்திலோ வாளியிலோ உள்ள குறைந்த அளவுத் தண்ணீரில் வாய் வைத்தால் அது இரு மத்ஹபுகளிலும் நஜீஸாகிவிடும். ஆகவே உளூத் தண்ணீரை மூடி வையுங்கள். பூனையின் சிறுநீரும் மலமும் நஜீஸ். தொழும் பாயையும் முஸல்லாவையும் அதற்கு எட்டாமல் சுருட்டி வையுங்கள். அதன் மலத் தொட்டியை நாள்தோறும் சுத்தம் செய்யுங்கள். எலியைத் தின்னும் பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கக்கூடும். கர்ப்பிணிகள் அந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிட வேண்டும்.

பூனை உள்ள வீட்டில் எலி விஷம் வைக்காதீர்கள். விஷம் தின்ற எலியைத் தின்று பூனையும் சாகும். வெறிநாய்க்கடி நோய் பூனையாலும் பரவும் என்பதால் அதற்குரிய தடுப்பூசியைக் கால்நடை மருத்துவரிடம் போட்டுவிடுங்கள். அடுத்த வீட்டாரின் உரிமையையும் மறக்க வேண்டாம். பறவையைக் கொல்வதோ உணவைப் பாழாக்குவதோ ஒரு பூனைக்கு வழக்கம் என்று தெரிந்த பின்னும் அதை அவிழ்த்துவிட்டால், பகலானாலும் இரவானாலும் உடையவரே நஷ்டத்துக்குப் பொறுப்பு என்பது இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் உள்ள சட்டம். "வாயில்லாப் பிராணிதானே" என்று அண்டை வீட்டாரிடம் தட்டிக்கழிக்க முடியாது.

கடைசியாக ஒரு கொடுமை. எலி ஒழிந்துவிட்டது, அல்லது வீடு மாறுகிறோம், அல்லது பூனைக்கு வயதாகிவிட்டது. உடனே அதைக் கோணிப்பையில் போட்டுக் கட்டி, தொலைவிலுள்ள மீன் மார்க்கெட்டில் அவிழ்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். "அல்லாஹ் அதற்கு ரிஸ்க் அளிப்பான்" என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். அல்லாஹ் அளிப்பான், அதில் ஐயமில்லை. ஆனால் அதன் ரிஸ்க்கை இத்தனை நாள் உங்கள் கையில் வைத்திருந்தானே, அந்தக் கை என்ன செய்தது என்று கேட்கமாட்டானா? மாடி வீட்டிலேயே வளர்ந்த பூனைக்குத் தெரு தெரியாது, தெருநாய் தெரியாது, வண்டி தெரியாது. அதைத் தெருவில் விடுவது விடுதலை ஆகாது. வைத்துக் காப்பாற்ற முடியாதவர், காப்பாற்றக்கூடிய ஒருவரைத் தேடி அவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

"மனிதனுக்கே சோறில்லை, பூனைக்கா இத்தனை விசாரம்?" என்று கேட்பவர்களும் உண்டு. வசதியில்லாதவர் பூனை வளர்க்காமல் இருக்கலாம். வளர்த்தே ஆகவேண்டும் என்று மார்க்கம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் உள்ளே கொண்டுவந்து கதவைப் பூட்டிய நிமிடத்திலிருந்து அது நம் பொறுப்பு. எலி பிடித்தால் அது நமக்குக் கிடைத்த உதவி. பிடிக்காவிட்டாலும் அதன் தட்டு காலியாக இருக்கக் கூடாது. ஈரமான ஈரலுள்ள ஒவ்வோர் உயிருக்கும் செய்யும் உபகாரத்தில் நன்மை உண்டு என்ற நற்செய்தி நமக்கு இருக்கிறது. அந்த நன்மையைத் தேடி நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை. அடுப்படி ஓரத்தில் நம் காலைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது.

பேச முடியாத உயிர்களின் விஷயத்தில் தன்னை அஞ்சி நடக்கும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.