களியும் கடனும்

பெல்ஜியத்தின் மோல் நகரருகே, 225 மீற்றர் ஆழத்துக் களிப்படையை 2014இல் சூடேற்றத் தொடங்கினர். இலக்கு 80 பாகை செல்சியசு. கதிரியக்கக் கழிவின் வெப்பத்தைக் களி தாங்குமா என்பதே வினா. நுண்துளைகளில் உள்ள நீர் மண்துகள்களினும் மிகுதியாக விரிகின்றது. விரைந்து வெளியேற வழியின்மையால் அமுக்கம் ஏறுகின்றது. நஞ்சைத் தடுக்கும் அதே இறுக்கமே நீரையும் சிறைப்படுத்துகின்றது! மண்ணுள் நீரமுக்கம் யாது செய்யும் என்பதை, அடைமழையில் ஹுன்னஸ்கிரிய மலைச்சரிவுகளை அஞ்சும் நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

சோதனைக்கு வகுத்த காலம் பத்தாண்டு. புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே ஏறத்தாழ 24,000 ஆண்டு வேண்டும். மின்னொளி நுகர்ந்தோர் சில தலைமுறையினர். அபாயத்தை ஏற்போர் இன்னும் பிறவாதோர். அவரிடம் இசைவு கேட்டல் இயலாது. எனினும், கழிவை நிலத்தின்மேல் வைத்திருப்பதும் அவர் தோளிலேயே சுமையை ஏற்றும். ஆதலின் புதைத்தல் தவறன்று. களியை அறியுமுன் புதைத்தலே தவறு என்பது என் துணிபு. மோலில் அவ்வாறு செய்திலர்: கழிவின் வெப்பத்துக்கு ஈடாக மின்சூடேற்றிகளையே அச்சோதனையில் வைத்தனர்.